எந்த ஆஸ்பத்திரி நல்ல ஆஸ்பத்திரி?

போன மாதம் சந்தா விசயமாகக் கியா பார்ம் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றுக்குப் போயிருந்தேன். மழை விட்டும் பனி விடாத சாயங்கால நேரம். வேலை முடிந்து வந்த அக்கா ஒருவர் லயத்து வாசலிலே என்னை நிறுத்தினார்.

"தம்பி, நீங்க நாலு ஊரு சுத்துறவங்க. கேன்சருக்கு கவர்மெண்ட் ஆஸ்பத்திரி நல்லதா, பிரைவேட்டு நல்லதா?"

"யாருக்குக்கா?" என்றேன்.

பதில் இல்லை. தோளிலே கிடந்த துண்டை இழுத்து மார்பை மூடிக்கொண்டார். எனக்கு விளங்கிவிட்டது.

தீபாவளிக்கு முன்பே கட்டி கைக்குத் தட்டுப்பட்டதாம். வலி இல்லை, வலி இல்லாததால் பயமும் இல்லை. தோட்டத்து டிரஸ்ஸர் ஆண்பிள்ளை, அவரிடம் சொல்ல வெட்கம். பக்கத்து லயத்துப் பாட்டி சொன்ன பச்சிலைப் பற்றைப் போட்டுப் பார்த்தார். கட்டி கரையவில்லை. பிறகுதான் வீட்டிலே சொன்னார். மகன் கோலாலம்பூரிலே லோரி ஓட்டுகிறவர். "சேமநிதிக் காசை எடுத்துப் பிரைவேட்டுக்குப் போவோம், கவர்மெண்டுல வரிசையில உக்கார வச்சே கொன்னுடுவான்" என்பது அவர் கட்சி. "பிரைவேட்டுல காசு தீர்ந்ததும் வெளியே தள்ளிடுவான்" என்பது மருமகள் கட்சி. வீட்டிலே பட்டிமன்றம் நடக்கிறது. அது நடந்து முடிவதற்குள் நாலு மாதம் ஓடிவிட்டது.

இந்தக் கேள்வி அந்த அக்கா ஒருவருடைய கேள்வி அல்ல. ரிங்லெட்டிலிருந்து கம்போங் ராஜா வரைக்கும் எந்த லயத்திலே உட்கார்ந்தாலும் இந்தப் பேச்சு வருகிறது. அதனால்தான் இந்த வாரம் சம்பள உயர்வு, வீடு, தண்ணீர் எல்லாவற்றையும் தள்ளி வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரியை எதை வைத்து நல்லது, கெட்டது என்று சொல்கிறோம்? கட்டடத்தை வைத்து; குளுகுளு அறையை வைத்து; நர்ஸ் சிரித்துப் பேசினாரா, வள்ளென்று விழுந்தாரா என்பதை வைத்து. அதுவும் வேண்டியதுதான், நோயாளியும் மனிதர்தானே. ஆனால் புற்றுநோய்க்கு அளவுகோல் வேறு. உலகச் சுகாதார நிறுவனம் 2021 ஆம் ஆண்டிலே மார்பகப் புற்றுநோய்க்கென்று தனித் திட்டம் ஒன்றைத் தொடங்கி, மூன்று கணக்குகளைச் சொன்னது. நோய் கண்ட பெண்களில் நூற்றுக்கு 60 பேருக்காவது அது முதல் இரண்டு கட்டத்துக்குள் பிடிபட வேண்டும். மருத்துவரிடம் வந்த 60 நாளுக்குள் இன்ன நோய் என்று முடிவு சொல்லியாக வேண்டும். நூற்றுக்கு 80 பேராவது சிகிச்சையைப் பாதியில் விடாமல் முடிக்க வேண்டும். இந்த மூன்றையும் வைத்து எந்த ஆஸ்பத்திரியையும் உரைத்துப் பார்க்கலாம், அதற்குப் பட்டப் படிப்பு வேண்டியதில்லை. நான் தோட்டப் பள்ளிக்கூடத்திலே படித்தவன், எனக்கே விளங்குகிறது.

இதிலே முதல் கணக்கு ஆஸ்பத்திரி வாசலுக்கு வெளியே முடிந்துவிடுகிறது. இதை நம் மக்கள் கவனிப்பதில்லை. 2004 இல் இந்நாட்டின் மார்பக அறுவை நிபுணர்கள் இருவர் ஒரு கட்டுரை எழுதினார்கள். கோலாலம்பூர் பொது மருத்துவமனைக்கு வந்த பெண்களில் பாதிப் பேருக்கு மேல் நோய் முற்றிய நிலையில் வந்தவர்கள்; அதே நகரத்துப் பல்கலைக்கழக மருத்துவமனையிலே அந்தக் கணக்கு நூற்றுக்கு 30, 40 என்ற அளவு. இதைப் பார்த்துவிட்டு, 'பார்த்தாயா, அங்கே போனால் பிழைக்கலாம், இங்கே போனால் இல்லை' என்று யாராவது சொன்னால் அது சரியான கணக்கா?

நமக்குத் தெரிந்த வேலையை வைத்துச் சொல்கிறேன். ஒரு பேக்டரிக்குக் காலையிலே வெட்டின பச்சைக் கொழுந்து போகிறது. இன்னொரு பேக்டரிக்கு மூட்டையிலே அமுங்கி, சூடேறி, சிவந்துபோன கொழுந்து போகிறது. இரண்டு தூளையும் பக்கத்திலே வைத்து, 'இந்த மிசின் நல்ல மிசின், அந்த மிசின் கெட்ட மிசின்' என்று தீர்ப்புச் சொன்னால் டீமேக்கர் சிரிப்பார். அரசாங்க ஆஸ்பத்திரியிலே நிறையப் பேர் சாகிறார்கள் என்கிறோமே, அங்கே தாமதமாகப் போகிறவர்கள் யார்? நாம்தான். பிரைவேட்டிலே அடைத்து வைத்த காசெல்லாம் கரைத்துவிட்டு, கடைசியிலே அரசாங்க வார்டுக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்களும் நாம்தான்.

கட்டம் என்பது எவ்வளவு பெரிய விசயம் என்பதற்கு நம் நாட்டுக் கணக்கே இருக்கிறது. 2007 முதல் 2011 வரை நோய் கண்டவர்களை ஐந்து வருசம் தொடர்ந்து பார்த்து, சுகாதார அமைச்சு 2018 இல் வெளியிட்டது. மார்பகப் புற்றுநோய் முதல் கட்டத்தில் பிடிபட்ட பெண்களிலே நூற்றுக்கு 87 பேர் ஐந்து வருசத்தைத் தாண்டியிருக்கிறார்கள். நான்காம் கட்டத்திலே பிடிபட்டவர்களில் 23 பேர். நாடு முழுவதும் எல்லா வகைப் புற்றுநோயையும் சேர்த்துப் பார்த்தால் 2017 முதல் 2021 வரை 168,822 பேருக்குப் புதிதாக நோய் கண்டிருக்கிறது. கட்டம் பதிவானவர்களிலே 65 விழுக்காட்டுக்கு மேல் மூன்றாம், நான்காம் கட்டம். முன்பைவிட இது குறையவில்லை, கூடியிருக்கிறது.

ஆகவே முதல் ஆஸ்பத்திரி ஈப்போவும் அல்ல, கோலாலம்பூரும் அல்ல. தோட்டத்து மருந்தகமும் ஒரு வெள்ளி கட்டுகிற அரசாங்கக் கிளினிக்கும்தான். அங்கே புற்றுநோயைக் குணப்படுத்த மாட்டார்கள்; ஆனால் அங்கே எழுதுகிற ஒரு துண்டுக் கடிதம் உயிரைக் காப்பாற்றும். டிரஸ்ஸர் பனடோல் கொடுத்து அனுப்பினால், "கடிதம் எழுதிக் கொடுங்க ஐயா" என்று கேளுங்கள். பெண் நர்ஸ்தான் பார்க்க வேண்டும் என்றால் அரசாங்கக் கிளினிக்கிலே கேட்கலாம், அது தப்பே இல்லை. இன்னொன்றும் சொல்லி வைக்கிறேன். அரசாங்க நிபுணரைப் பார்க்க, அரசாங்கக் கிளினிக் கடிதத்தோடு போனால் 5 வெள்ளி. தனியார் டாக்டர் கடிதத்தோடு போனால் முதல் தடவை 30 வெள்ளி. இது குடியுரிமை உள்ளவர்களுக்கான கணக்கு. சிவப்பு ஐசி வைத்திருப்பவர்கள் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். நம்மோடு மலையிலே வேலை செய்கிற வங்காளதேசி, நேப்பாளித் தொழிலாளர்களுக்குக் கட்டணம் பல மடங்கு. அவர்கள் கட்டியைக் கடைசி வரை மறைத்து வைத்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

தானா ராத்தாவிலே இருப்பது மாவட்ட மருத்துவமனை. பிரசவம், காய்ச்சல், விபத்துக்கு அது நமக்குத் தெய்வம். புற்றுநோய்க்கு அது ஒரு வாசற்படி. அங்கிருந்து பெரும்பாலும் ஈப்போவுக்குத்தான் அனுப்புவார்கள். நாம் பகாங்கைச் சேர்ந்தவர்கள் என்றாலும் நம் ரோடு பேராக்கிலே போய்த்தான் இறங்குகிறது. ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் பெரிய மருத்துவமனை. ஸ்கேன், சதையிலே துணுக்கு எடுத்துப் பார்க்கிற பயாப்சி, அறுவை எல்லாம் நடக்கும். மூன்றாம் வகுப்பு வார்டுக்கு நாளுக்கு 3 வெள்ளி. இங்கேதான் இரண்டாவது கணக்கு, அந்த 60 நாள், சிக்கிக்கொள்கிறது. ஸ்கேனுக்கு ஒரு தேதி, பயாப்சிக்கு ஒரு தேதி, அதன் முடிவுக்கு ஒரு தேதி. ஒவ்வொரு தேதிக்கும் ஒரு நாள் கூலி போகிறது, இரண்டு மணி நேர மலை ரோடு போகிறது. அரசாங்க ஆஸ்பத்திரியின் குறை இது. இதை மூடி மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை. மருத்துவர் கெட்டவர் அல்ல. மருத்துவருக்கு முன்னாலே நிற்கிற வரிசை நீளம்.

பிரைவேட்டிலே அந்த வரிசை இல்லை. ஸ்கேனும் பயாப்சியும் ஒரு வாரத்திலேயே முடியக்கூடும். அதை ஒப்புக்கொள்ள வேண்டும். மகன் கையிலே கொஞ்சம் பணம் இருந்தால், அந்தச் சோதனைகளை மட்டும் தனியாரிலே செய்து, முடிவையும் படத்தையும் கண்ணாடித் துண்டையும் வாங்கிக்கொண்டு அரசாங்க நிபுணரிடம் போகலாம். பலர் அப்படிச் செய்கிறார்கள், அது புத்திசாலித்தனம். ஆனால் அறுவை, கீமோ, கதிர்வீச்சு, பிறகு வருசக்கணக்கில் மாத்திரை என்று முழுச் சிகிச்சையையும் அங்கே முடிக்க நம்மால் ஆகுமா? 1998 ஆம் ஆண்டுத் தனியார் மருத்துவச் சட்டத்தின் கீழ் 2006 இல் வந்த விதிகளிலே மருத்துவருடைய கட்டணத்துக்குத்தான் உச்ச வரம்பு இருக்கிறது. படுக்கை, மருந்து, ஊசி, பஞ்சு, கையுறை எல்லாம் அந்த வரம்புக்கு வெளியே. பில்லின் அடியிலே இருக்கிற தொகையைப் பார்த்தால்தான் இது விளங்கும்.

இங்கே என் சொந்தக் கதை ஒன்று. என் தாயாரும் கொழுந்து எடுத்தவர்தான். மார்பிலே கட்டி வந்தபோது, டவுனிலே ஒரு தனியார் கிளினிக்குக்கு அழைத்துப் போனோம். பேர் வேண்டாம். "சாதாரணக் கட்டிதான்" என்று சொல்லி அங்கேயே மரத்துப் போக வைத்து அறுத்து எடுத்தார்கள். அரை நாளிலே வேலை முடிந்தது. எங்களுக்கு ஒரே சந்தோசம். வரிசை இல்லை, அலைச்சல் இல்லை, சுத்தமான இடம், மரியாதையான பேச்சு. அறுத்த சதையைச் சோதனைக்கு அனுப்பவில்லை. அனுப்ப வேண்டும் என்று கேட்க எங்களுக்கும் தெரியவில்லை. எட்டு மாதம் கழித்து அக்குளிலே கட்டி கட்டியாக வந்தபோதுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "அந்தச் சதையின் ரிப்போர்ட் எங்கே?" அது குப்பைத் தொட்டிக்குப் போய்விட்டது, டாக்டர்.

அதனாலே சொல்கிறேன். தனியாரோ அரசாங்கமோ, அறுப்பதற்கு முன்னாலே பயாப்சி உண்டா என்று கேளுங்கள். அறுத்த சதை சோதனைக்குப் போகிறதா என்று கேளுங்கள். மார்பகக் கட்டி என்றால் அது ஹார்மோனுக்குக் கட்டுப்படுகிற வகையா, ஹெர்-2 வகையா என்று சோதித்தார்களா என்று கேளுங்கள். எந்த மருந்து வேலை செய்யும் என்பதை அதுதான் முடிவு செய்கிறது. அறுக்கிறவர், மருந்து கொடுக்கிறவர், கதிர் வைக்கிறவர், சதையைப் பார்க்கிறவர் எல்லாரும் ஒரே மேசையிலே உட்கார்ந்து இந்த நோயாளிக்கு என்ன செய்யலாம் என்று பேசினார்களா என்றும் கேளுங்கள். பெரிய அரசாங்க, பல்கலைக்கழக மருத்துவமனைகளிலே இந்தக் கூட்டம் வழக்கமாக நடக்கிறது. நல்ல தனியார் மருத்துவமனைகளிலும் உண்டு. ஒற்றை மருத்துவர் தனியாக முடிவெடுத்து அன்றைக்கே கத்தி எடுக்கிற இடத்துக்கு மட்டும் போகாதீர்கள், மார்பிள் தரை போட்டிருந்தாலும் சரி.

மருந்து விசயத்திலே அரசாங்கத்துக்கும் தனியாருக்கும் வித்தியாசம் இருக்கிறது என்பதும் உண்மை. ஹெர்-2 வகைக் கட்டிக்கு டிராஸ்டுசுமாப் என்று ஓர் ஊசி மருந்து. உலகச் சுகாதார நிறுவனம் 2015 இல் அதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலே சேர்த்தது. ஆனால் இப்படிப்பட்ட விலை உயர்ந்த மருந்துக்கு அரசாங்க ஆஸ்பத்திரியிலே ஒதுக்கீடு அளவாகத்தான் இருக்கிறது. கிடைக்கவில்லை என்றால் பேசாமல் திரும்பி வந்துவிடாதீர்கள். ஒவ்வொரு பெரிய மருத்துவமனையிலும் மருத்துவச் சமூக நல அதிகாரி என்று ஒருவர் இருப்பார். சுகாதார அமைச்சின் மருத்துவ உதவி நிதிக்கு அவர் மூலமாகத்தான் மனுப் போட வேண்டும். நம் ஆட்களிலே பலர் அந்த அறைக் கதவைத் தட்டினதே இல்லை.

இனி மூன்றாவது கணக்கு. கியா பார்ம் மக்களுக்கு மிகப் பெரிய கண்டம் இதுதான். கதிர்வீச்சு என்பது வலி இல்லாத சிகிச்சை. மிசினுக்கு அடியிலே சில நிமிசம் படுத்துவிட்டு எழுந்து வர வேண்டியது. ஆனால் வாரத்துக்கு ஐந்து நாள், மூன்று வாரத்திலிருந்து ஆறு, ஏழு வாரம் வரைக்கும் போகும். நடுவிலே விட்டால் போட்டதும் பலன் குறைந்துவிடும். சுகாதார அமைச்சின் கதிர்வீச்சு நிலையங்கள் கோலாலம்பூர், புத்ராஜெயா, ஜொகூர் பாரு போன்ற தூரத்துப் பட்டணங்களில் இருக்கின்றன. புத்ராஜெயாவிலே 2013 இல் திறந்த தேசியப் புற்றுநோய்க் கழகம் இதற்கென்றே கட்டியது. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் உண்டு. பினாங்கிலே கன்னிமார்கள் 1976 இல் தொடங்கிய மவுண்ட் மிரியாம் இருக்கிறது. தனியார்தான், ஆனால் லாபத்துக்காக நடத்துவது அல்ல. இதிலே எந்த இடமும் நல்ல இடமே. ஆனால் மலையிலிருந்து தினம் போய்த் தினம் திரும்ப முடியாது. ஒரு மாதம் எங்கே தங்குவது? யார் சோறு போடுவது? யார் கூலி கொடுப்பது?

நல்ல சிகிச்சைக்குப் பணக்காரக் கட்டடம் வேண்டும் என்பது பொய். தமிழ்நாட்டிலே டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, புற்றுநோயிலே தங்கையைப் பறிகொடுத்தவர், 1954 இல் அடையாறு புற்றுநோய் நிலையத்தைத் தொடங்கியபோது இருந்தவை குடிசைகளும் 12 படுக்கைகளும். அங்கே டாக்டர் சாந்தா வாழ்நாளெல்லாம் உழைத்து, ஏழைக்கும் பணக்காரனுக்கும் ஒரே மருத்துவம் என்று நடத்திக் காட்டினார். ஆனால் அந்த நிலையத்துக்கு வரக்கூட ரயில் செலவும் தங்க இடமும் வேண்டுமே. தென்கிழக்காசியாவின் எட்டு நாடுகளிலே, நம் நாட்டையும் சேர்த்து, சுமார் 10,000 நோயாளிகளை ஒரு வருசம் பின்தொடர்ந்து 2015 இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஒரு வருச முடிவிலே நூற்றுக்கு 29 பேர் இறந்திருந்தார்கள். 48 பேர் உயிரோடு இருந்தார்கள், ஆனால் குடும்பம் பணத்திலே நொறுங்கியிருந்தது. உயிரும் பிழைத்து, குடும்பமும் நிமிர்ந்து நின்றவர்கள் 23 பேர்தான்.

ஆஸ்பத்திரிக்குள்ளே கட்டணம் 5 வெள்ளி என்றாலும் வெளியே ஆகிற செலவு அப்படி இல்லை. அதற்காகத்தான் சட்டத்தைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். வேலைச் சட்டம் 60எஃப் பிரிவின்படி ஐந்து வருசத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு வருசத்துக்கு 22 நாள் சம்பளத்தோடு எம்.சி. அதற்கு மேலே, மருத்துவமனையில் இருக்க வேண்டிய நோய்க்கு 60 நாள். 2023 சனவரி முதல் இந்த 60 நாளும் தனிக்கணக்கு, எம்.சி.யோடு சேர்த்துக் கழிக்கக் கூடாது. இதிலே பலருக்குத் தெரியாத வரி ஒன்று இருக்கிறது. மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய அளவுக்கு நோய் என்று மருத்துவர் சான்று கொடுத்தால், வார்டிலே படுக்காவிட்டாலும் படுத்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். கதிர்வீச்சுக்குப் போகிறவர்கள் மருத்துவரிடம் இந்தச் சான்றைக் கேட்டு வாங்குங்கள். கிராணி மறுத்தால் சங்கத்துக்குச் சொல்லுங்கள், நான் வருகிறேன்.

சொக்சோவும் இருக்கிறது. வேலையிலே அடிபட்டால் மட்டும்தான் சொக்சோ என்று நினைப்பது தப்பு. நோயினாலே இனி வேலை செய்ய முடியாது என்ற நிலை வந்தால், 60 வயதுக்குள், கடைசி 40 மாதத்திலே 24 மாதச் சந்தா கட்டியிருந்தால் இயலாமைப் பென்சனுக்கு முழுத் தகுதி உண்டு. சம்பளத்தின் சராசரியிலே 50 விழுக்காட்டிலிருந்து 65 விழுக்காடு வரைக்கும் கிடைக்கும். 40 வயது தாண்டிய தொழிலாளிக்குச் சொக்சோ 2013 இலிருந்து இலவச உடல் பரிசோதனையும் கொடுத்து வருகிறது. பெண்களுக்கு மார்பு எக்ஸ்ரேயான மெமோகிராமும் அதிலே உண்டு. அந்தக் கடிதம் எத்தனை வீட்டிலே கரண்ட் பில்லோடு சேர்ந்து மூலையில் கிடக்கிறதோ! பெக்கா பி40 என்று 2019 இல் தொடங்கிய திட்டத்திலே, அரசாங்க ஆஸ்பத்திரியில் புற்றுநோய்ச் சிகிச்சையை முடிக்கிறவர்களுக்கு 1,000 வெள்ளி வரைக்கும் ஊக்கத்தொகை, போக்குவரத்துக்கு 500 வெள்ளி வரைக்கும் உதவி என்று வைத்திருக்கிறார்கள். பாதியிலே விட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்தப் பணம். சேமநிதியிலே நோய்க்காகப் பணம் எடுக்கலாம்தான். ஆனால் அதை முதலிலே தொடாதீர்கள். கடைசியிலே தங்கவும் சாப்பிடவும் அது வேண்டியிருக்கும்.

நிர்வாகங்களிடம் நாம் கேட்க வேண்டியதும் ஒன்று இருக்கிறது. தோட்டத்து வேன் கொழுந்து ஏற்றுகிறது, உரம் ஏற்றுகிறது, துரை வீட்டு விருந்தாளியையும் ஏற்றுகிறது. வாரத்துக்கு ஒரு நாள் ஈப்போவுக்கு நோயாளியை ஏற்றுவதற்கு என்ன கஷ்டம்? அடுத்த ஒப்பந்தப் பேச்சிலே இதை எழுத்திலே வைக்க வேண்டும் என்று கிளைத் தலைவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். பெண் உறுப்பினர்கள் இதைக் கூட்டத்திலே எழுந்து நின்று பேசினால் நன்றாயிருக்கும். ஆண்கள் பேசினால் மார்பு என்ற சொல்லை விழுங்கிவிட்டு "அந்த நோய், இந்த நோய்" என்று இழுப்போம்.

அந்த அக்காவின் விசயத்துக்கு வருகிறேன். மறுநாளே அவரைத் தானா ராத்தாவுக்குக் கூட்டிப் போனது மருமகள். அங்கே கடிதம் எழுதினார்கள். ஸ்கேனையும் பயாப்சியையும் மகன் செலவிலே ஈப்போவிலே தனியாரில் எடுத்தார்கள். மேற்கொண்டு சிகிச்சை அரசாங்கத்திலே. பட்டிமன்றத்திலே இரண்டு கட்சிக்கும் பாதி வெற்றி. முடிவு வந்துவிட்டது: இரண்டாம் கட்டம். அறுவைக்கு வரும் திங்கட்கிழமை காலையிலே வார்டிலே சேர வேண்டும். வாரக் கடைசியிலே கியா பார்ம் சந்தைக்கு வருகிற காருங்களாலே ரோடு நகராது என்பது நமக்குத் தெரிந்ததுதான். அதனாலே சனி, ஞாயிறு வேண்டாம், திங்கள் விடியக்காலை நாலு மணிக்கே புறப்பட்டுவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். மழையிலே மண் சரிந்து சிம்பாங் பூலாய் ரோடு அடைபட்டால் தாப்பா வழியாகப் போக நேரம் பிடிக்கும். வேன் கேட்டு நிர்வாகத்துக்கு எழுதியிருக்கிறோம். இதை எழுதுகிற வரைக்கும் பதில் வரவில்லை.